ஐம்பத்து மூன்றாம் தாள்

தாள் கிழிந்திருக்கவில்லை. பிளேடு வைத்து நேராக அறுத்திருந்தார்கள். சிநேகா அந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

செங்கல்பட்டில் கல்லூரி ஆசிரியையான அவள், முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்துகொண்டிருந்தது ‘அண்டத் துவக்கம்’ என்ற புத்தகத்தை. நூற்றைம்பது வருஷத்துக்கு முன் சாலமோன் உபாத்தியாயர் எழுதியது. வேடந்தாங்கல் ஏரி மரங்களிலிருந்து விடியலில் பறவைகள் சிதறிப் போவதையும், பொழுது சாய்ந்ததும் அதே மரங்களுக்குத் திரும்புவதையும் பார்த்தவர் அவர். நட்சத்திரங்களும் ஒரே வித்திலிருந்து சிதறியவைதான், ஒருநாள் அங்கேயே திரும்பும் என்று எழுதிவிட்டார். அதற்கான ஆதாரத்தை ஐம்பத்து மூன்றாம் தாளில் சொல்வதாக முன்னுரையில் வாக்கும் கொடுத்திருந்தார்.

அந்தத் தாளில் கணக்கு இருந்தால் அவர் விஞ்ஞானி. இல்லையென்றால் தத்துவம் பேசிய பக்திமான். கணக்கு இருக்கும் என்று நம்பி சிநேகா ஓர் அத்தியாயமே எழுதிவிட்டாள். தாளைக் கண்ணால் காட்டாவிட்டால் அத்தியாயத்தை எடுத்துவிடு, மாதக் கடைசிதான் கெடு என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

மிச்சமிருந்த ஒரே பிரதி மதுராந்தகத்தில் ஏசுபாதம் வீட்டு பீரோவில் இருந்தது. அவர் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் தடவை போனபோது நாற்பது தாள் வரை படம் எடுப்பதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அன்று புத்தகம் முழுசாக இருந்தது; மிச்சத்தை அடுத்த தடவை படித்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டாள். இரண்டு மாதம் கழித்துப் போனால் இப்படி.

“எலி கடிச்சிருக்கும்மா” என்றார் ஏசுபாதம், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“எலி ஸ்கேல் வச்சா கடிக்கும், ஐயா?”

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அடுக்களை ஆணியில் தொங்கிய பை அவள் கண்ணில் பட்டது. மாமல்லபுரத்து ஜவுளிக்கடைப் பை, கருவாட்டு வாசனை. இதே புத்தகத்தைப் பற்றி ஆராயும் வசந்துக்கு ஊர் மாமல்லபுரம். யார் கொடுத்தது என்று கேட்டாள். தெரிஞ்சவங்க என்று ஏசுபாதத்தின் மனைவி ஞானம்மாள் பேச்சை மாற்றினாள்.

அடுத்த வாரம் போனபோது ஆணியில் இன்னொரு பை. அதன் பிறகு சிநேகாவுக்கு எல்லாமே அத்தாட்சியாகத் தெரிந்தது. ஏசுபாதம் காபி கொடுத்தது, பஸ் நிறுத்தம் வரை குடை பிடித்து வந்தது, எல்லாம். தாள் வசந்த் கைக்குப் போய்விட்டது என்று பேராசிரியருக்குக் கடிதம் எழுதி, அனுப்பாமல் போனில் வைத்திருந்தாள். மறுநாள் அதை ஞானம்மாளிடம் காட்டினாள்.

ஞானம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். கோபிக்கவில்லை.

“மகாபலிபுரம் போ. கடக்கரையாண்ட கருவாட்டு ஆதியம்மா வூடு எதுன்னு கேளு. பார்த்துட்டு வந்து அப்புறமா அனுப்பு, வேணான்னு சொல்லல.”

ஆதியம்மாளைப் பஸ்ஸில் மனசுக்குள் வசந்துக்கு அத்தையாகவும் தரகராகவும் ஆக்கிப் பார்த்துக்கொண்டே போனாள் சிநேகா.

ஆதியம்மாள் மீன் காயவைத்துக்கொண்டிருந்தாள். சிநேகா தாளைப் பற்றிக் கேட்டதும் கையைக் கழுவிவிட்டு உள்ளே போய், ரேஷன் கார்டு வைத்திருந்த டப்பாவைத் திறந்தாள். லேமினேட் செய்த ஐம்பத்து மூன்றாம் தாள் அதில் இருந்தது. அத்தியாயம் பாதித் தாளிலேயே முடிந்து கீழே வெற்றிடம் விட்டிருந்த தாள். அந்த இடத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: ‘கருவாட்டுக்காரிக்குப் பெண், ஆதி. 1962 ஆவணி 12, செவ்வாய். மழை. ரெண்டும் சுகம். தோத்திரம்.’

“எங்கம்மா கருவாடு விக்க மதுராந்தகம் போன எடத்துல வலி கண்டுச்சி. ஏசுபாதத்தோட அம்மாதான் கை வச்சி எடுத்தது. அது பிரசவம் பாத்த புள்ளைங்களயெல்லாம் அந்தப் புஸ்தகத்துலதான் எழுதி வைக்குமாம். வூட்ல வேற காயிதம் ஏது?”

ஆதார் அட்டையில் ஆதியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது என்று விழுந்திருந்தது. அதனால் முதியோர் பென்ஷன் கிடைக்கவில்லை. பிறந்த வருஷத்தைக் காட்டும் பழைய எழுத்து ஏதாவது கொண்டா என்று ஆபீசில் சொன்னார்கள். ஜெராக்ஸ் கொண்டுபோனால் அசல் கேட்டார்கள்.

“புஸ்தகத்தையே குடுத்தா ஆபீஸ்ல பூடும், வராதுன்னு பயந்துகினு தாள மட்டும் அறுத்துக் குடுத்தாரு. புஸ்தகத்தக் காப்பாத்துறாராம்” என்று ஆதியம்மாள் சிரித்தாள். “நாந்தான் யாராண்டயும் சொல்லாதன்னேன். அறுத்தது தெரிஞ்சா செல்லாதுன்னுட்டா?”

சிநேகா மேல்பாதியைப் படித்தாள். கணக்கு ஒன்றும் இல்லை. ‘இதற்கு எண் என்னிடமில்லை. ஒன்றாயிருந்தவை ஒன்றையொன்று விட்டிராது என்பதே நான் கண்டது. மற்றதைக் கணக்கறிந்தவர் பின்னால் வந்து சொல்லட்டும்’ என்று மட்டும் எழுதியிருந்தார் சாலமோன்.

அவள் எழுதிய அத்தியாயம் அங்கேயே விழுந்தது. ஆனால் சாலமோன் விழவில்லை என்று அவளுக்குத் தோன்றியது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிப் பின்னால் வருகிறவருக்கு இடம் விட்ட மனிதர். அந்த இடத்தில் வந்து எழுதியவள் ஒரு மருத்துவச்சி.

“எடுத்துகினு போம்மா, பென்ஷன் வந்துடுச்சி” என்றாள் ஆதியம்மாள். ஆபீசில் மறுபடி கேட்டால் என்ன செய்வீங்க என்று சிநேகா மறுத்து, படம் மட்டும் எடுத்துக்கொண்டாள். கடிதத்தை அழித்தாள். கடவுள் அவளை அவமானத்திலிருந்து காப்பாற்ற ஞானம்மாளின் பொறுமையைத்தான் பயன்படுத்தினார்.

கிளம்பும்போது ஆதியம்மாள் ஒரு பையை நீட்டினாள், ஏசுபாதம் வீட்டுக்கு. அதே ஜவுளிக்கடைப் பை. மதுராந்தகம் வரை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டே வந்தார். சிநேகா பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

கதவைத் திறந்த ஏசுபாதம் பையைப் பார்த்தார். முதல் தடவையாக அவள் முகத்தையும் பார்த்தார்.

“எலி இல்ல, ஐயா” என்றாள் சிநேகா. “நான்தான் தப்பா நெனச்சிட்டேன்.”

“உள்ள வாம்மா” என்று பையை வாங்கி ஆணியில் மாட்டினார்.