மேலே சொத்தை, அடியில் நல்லது

வெள்ளத்தில் மூழ்கிய ஒரு கிராமத்திலிருந்து, தண்ணீர் வடிந்தபின் சிகந்திராபாத் போவன்பள்ளி காய்கறி மார்க்கெட்டுக்கு வந்த முதல் சரக்கு அது. பிழைத்த கத்தரிக்காய் முழுவதையும் ஒரே லாரியில் ஏற்றிக்கொண்டு, பஞ்சாயத்துத் தலைவி கிரிஜாவே வந்திருந்தாள். சிகந்திராபாத்தில் பிறந்து அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள்; இல்லை என்பதற்கு 'நக்கோ', ஆமாம் என்பதற்கு 'ஹவ்' என்னும் பிறந்த ஊர்ப் பேச்சு இன்னும் போகவில்லை. இது விற்றால்தான் ஊர் மறுபடி நாற்று வாங்க முடியும்.

கமிஷன் மண்டி ஜம்புநாதன் எந்தத் தலைவரையும் நம்பாதவர். மூட்டையின் வாயைப் பிரித்தார். மேலே எல்லாம் சேறு படிந்த சொத்தைக் காய். ஏலம் கேட்க வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள்.

"உன் தோட்டத்துக் குப்பைய ஊர் சரக்கோட தள்ளப் பாக்கறியா?"

"நக்கோ மாமா, அடியில பாருங்க."

கையை விட்டுத் துழாவினார். அடியில் பளபளவென்று நல்ல காய்.

"நல்லத மேல வெச்சு, சொத்தைய அடியில ஒளிக்கறதுதான் ஊர் உலகத்து வழக்கம். உனக்கென்ன பைத்தியமா?"

"வெள்ளத்தச் சாக்கு வெச்சு ஏமாத்தினாங்கன்னு பேர் வந்தா, அடுத்த போகத்துக்கு எங்க சரக்க யார் தொடுவா? நான்தான் இப்படிக் கட்டச் சொன்னேன்."

"இன்னிக்கே ஒருத்தனும் தொடலையேம்மா!"

கிரிஜா நகர்ந்து போனவர்களைப் பார்த்தாள்.

"அப்ப எல்லா மூட்டையும் கொட்டுங்க மாமா."

"கொட்டினா திரும்ப அள்ளிக் கட்ட முடியாது, நசுங்கிடும். விக்கலேன்னா மாட்டுக்குத்தான்."

"ஹவ், தெரியும். கொட்டுங்க."

கொட்டினார்கள். சொத்தை கொஞ்சம்தான்; குவியல் முழுக்க நல்ல காய். நகர்ந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து குனிந்து பார்த்தார்கள். ஜம்புநாதன் அப்போதும் நம்பவில்லை. நல்ல காய் ஒன்றை எடுத்து உடைத்துப் பார்த்தார். புழு இல்லை. அதற்குப் பிறகுதான் ஏலத்துக்குக் குரல் கொடுத்தார்.