பேதி மருந்து

கடற்படை வைத்தியசாலையில் வேலை பார்த்த காலத்தில் தவராசா கண்டது நோயாளிகளைவிடக் கள்ளமடிக்கிறவர்களைத்தான். கப்பல் தட்டுத் தேய்க்கிற நாள் வந்தால் போதும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அவர்களுக்கென்றே ஒரு வைத்தியம் வைத்திருந்தான். நல்ல பேதி மருந்து. ஒருதரம் குடித்தவன் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டான்.

சேவை முடிந்து, கொழும்பில் உதவி வைத்தியருக்கான அப்போதிக்கரிப் படிப்பும் முடித்துக் கிண்ணியாப் பக்கத்து மருந்தகமொன்றுக்கு வந்தான். அந்தப் பழக்கமும் கூடவே வந்துவிட்டது.

ஒருநாள் அலியார் வந்து நின்றார். கரைவலை இழுக்கிறவர்; ஊரில் எல்லாருக்கும் காக்கா, மூத்த அண்ணன்.

"வயித்துக்குள்ள குத்துது டொக்டர்."

"இண்டைக்கு வலை பாரமோ?"

"பாரந்தான். நல்ல மீன் பட்டிருக்கு."

"அதுதானே பாத்தன். வலை பாரமெண்டால் வயிறும் குத்தும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அலியாரும் கூச்சத்தோடு சிரித்தார். வயிற்றைத் தொட்டும் பாராமல், மருந்தை ஊற்றித் தன் கண்முன்னாலேயே குடிக்கவைத்தான் தவராசா.

மறுநாள் அவரைப் பாயில் வைத்துத் தூக்கிவந்தார்கள். வயிறு பலகையாய் இறுகிக் கிடந்தது. தவராசாவுக்குக் கை வைத்ததுமே விளங்கிவிட்டது. குடல்வால் வீங்கியவனுக்குப் பேதி கொடுத்தால் அது வெடித்துவிடும். பரீட்சையில் இதையே எழுதிச் சித்தியடைந்தவன் அவன்.

நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போக, பாதையில் ஏற்றினார்கள். கரைக்குக் கரை ஆட்களையும் வாகனங்களையும் கடத்துகிற அந்த மிதவை, என்றைக்கும்போல மெல்லத்தான் ஊர்ந்தது. அலியாரின் தலை தவராசாவின் மடியில் இருந்தது.

"ராவு முழுக்கத் தாங்கிக்கிட்டுக் கிடந்தாரு," என்றாள் மனைவி நபீஸா. "டொக்டர்ட மருந்து வேலை செய்யுது, சும்மா இரு எண்டு என்னையும் ஏசினாரு."

அலியார் கண்ணைத் திறந்தார். "நான்தான் வடிவாச் சொல்லல்ல டொக்டர். என்ட பிழை."

தவராசாவுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியவராது. ஆனால், ஆஸ்பத்திரியில் வயிற்றை வெட்டப்போகிற வைத்தியருக்கு, உள்ளே போனது என்னவென்று தெரியாமல் இருக்க ஏலாதே.

"வடிவாத்தான் சொன்னீங்கள் காக்கா. நான்தான் நம்பேல்லை. அந்த மருந்து குடுத்திருக்கக் கூடாது."

நபீஸா அவனைப் பார்த்தாள். ஏசுவாள் என்று காத்திருந்தான். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கணவனின் தலையை மெல்லத் தூக்கித் தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள்.

கரை வந்தது. பாயின் ஒரு மூலையைப் பிடிக்கத் தவராசா குனிந்தான்.

"நீங்க விடுங்க," என்றாள்.

விட்டான். அவர்கள் தூக்கிக்கொண்டு முன்னே போக, ஆஸ்பத்திரியில் இன்னொருதரம் சொல்லவேண்டியதைச் சுமந்துகொண்டு பின்னாலே நடந்தான்.