படியேறிய காலடிகள்

பத்திரிகை அலுவலகத்தில் திரைப்பட விமரிசகரான அவருக்குப் பெயர் பென்சில் சார். திரையரங்கின் இருட்டில் தாளைப் பாராமலே பென்சிலால் குறிப்பெழுதுவார். ஒவ்வொரு படத்திலும் ஐந்து நிமிடமாவது கண்களை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்பார். "பென்சில் குறட்டை விடப்போகுது" என்று பின்வரிசையில் கேலி எழும்; அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

ஆயினும், தம் படத்தை அவர் குறைகூறி எழுதியதைப் பொறாத இயக்குநர் ஒருவர், கூட்டமொன்றில் எழுந்து கேட்டது அவரைத் தைத்துவிட்டது.

"கேமராவைத் தொட்டாவது பார்த்திருக்கீங்களா சார்? எந்தத் தைரியத்துல எழுதுறீங்க?"

பென்சில் சார் அன்றிரவே, பதினெட்டாண்டுகளாக எழுதிவந்த பத்தியை நிறுத்திக்கொள்வதாகக் கடிதமெழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதைக் கொடுக்குமுன், படம் உருவாகும் இடத்தை ஒருமுறையேனும் கண்ணால் கண்டுவிட எண்ணி, அதே படத்திற்கு ஒலி சேர்த்த கூடத்திற்குச் சென்றார்.

தரையில் மரம், கல், மணல் எனக் கட்டங் கட்டமாகப் பதித்திருந்தது. மூலையில் பழஞ்செருப்புகள் குவிந்து கிடந்தன. திரையில் நடப்போருக்கெல்லாம் காலடியோசை தரும் பெண்மணி அவரை வரவேற்றாள். சுவரில் அவருடைய விமரிசனம் ஒட்டப்பட்டிருந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பும் தந்தையின் காலடி கனத்துவிட்டதென்றும், நடிகரின் துயரம் பாதத்தில் இறங்கிவிட்டதென்றும் எழுதிய ஒற்றைப் பாராட்டின்கீழ்ச் சிவப்புக் கோடு.

"அண்ணே, படியேறும்போது ரெண்டு கையிலயும் மணல் மூட்டை தூக்கிக்கிட்டு நடந்தேன். டைரக்டருக்கே தெரியாது. நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க. ஆனா, பாராட்டை அலுங்காம நடிகர்கிட்ட குடுத்துட்டீங்களே! அவரு அன்னைக்கு ரப்பர் செருப்போட பூனை மாதிரி ஏறினாரு."

அவர் முகம் சிவந்தது. "அப்போ அந்த டைரக்டர் கேட்டது நியாயந்தானேம்மா? ஒண்ணும் தெரியாமத்தானே எழுதியிருக்கேன்."

"தெரிஞ்சிருந்தா மூட்டையை மோப்பம் பிடிச்சிருப்பீங்க, அந்த அப்பா படுற பாடு கேட்டிருக்காது. தூக்குறது என் வேலை. யார் தூக்கினாங்கன்னு விசாரிக்கிறது உங்க வேலை. அதுக்குக் கேமரா எதுக்குண்ணே, ஒரு போன் போதாதா?"

அவர் குனிந்து மூட்டைகளைத் தூக்கினார். நான்கடி வைப்பதற்குள் மூச்சு வாங்கியது.

"பென்சில் பிடிச்ச கைதானே!" என்று அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார், கண்கள் கலங்கியிருந்தன.

"ரொம்ப நன்றிம்மா" என்றவர், கடிதத்தை எடுத்துத் திருப்பி, அதன் பின்புறத்தில் அவள் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

"அடுத்த வாரப் பத்தியில முதல்ல இந்தத் திருத்தம் வரும். அப்புறம் வழக்கம்போல எழுதுவேன்."