சுகத்துக்காக

...வலது தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போல இருக்கிறது, நேற்றுக் குழி வெட்டும்போது மூன்றடிக்குக் கீழே சுக்கான் பாறை வந்துவிட்டது, கடப்பாரை போட்ட அடியெல்லாம் தோளுக்கே திரும்பி வந்தது, கிணற்று வேலைக்குப் போன காலத்தில் இதைவிடக் கெட்டிப் பாறையை உடைத்தவன்தான், அப்போது வயது முப்பது, இப்போது ஐம்பத்தாறு, இந்த வேலைக்குக் கோயில்பிள்ளை என்று பேர், மணியடிக்க, பெருக்க, செத்தவர்களுக்குக் குழி வெட்ட. ஆயர் அறிவிப்பு வாசிக்கிறார். மில் ஸ்டோர்கீப்பர் மகள் கல்யாணத்துக்கு முதலாம் ஓலை, ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்கிறார், யாரும் சொல்லவில்லை. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் தொண்டாமுத்தூர்ப் பூசணிக்காய் எவ்வளவுக்குப் போனது என்கிறார், பெண்கள் பக்கம் சிரிப்பு. அப்புறம் குரலை இறக்குகிறார்... சகோதரி கிருபாவதி, வயது நாற்பத்தொன்று, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். எல்லாத் தலையும் கடைசி பெஞ்சுப் பக்கம் திரும்புகிறது. அவள் புருசன் தம்பிதுரை, மரமில்லில் லோடு தூக்குகிறவர், கோயிலுக்கு வராத மனிதர், இன்றைக்கு அவள் பேர் வாசிப்பதைக் கேட்க வந்திருக்கிறார், எல்லோரும் எழும்போது உட்கார்ந்திருக்கிறார், அவர்கள் உட்கார்ந்த பிறகு எழுந்து நிற்கிறார்.

நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் என்ன ஆகிவிடும், என் முகத்தில் எழுதியா இருக்கிறது... ஆடி மாதத்து ஞாயிறு அது. காணிக்கைப் பெட்டியில் விழும் சீட்டுகளைப் பிரித்து ஆயர் மேசையில் வைப்பது என் வேலை, காசில்லாத சீட்டு ஜெபம் கேட்கிறவர்கள் கட்டோடு, காசு குத்திய சீட்டு நன்றி சொல்கிறவர்களின் ஸ்தோத்திரக் கட்டோடு, பதினோரு வருசமாக இப்படித்தான், காரியம் ஆவதற்கு முன்னால் எவன் காசு கொடுப்பான். கிருபாவதி கொடுத்திருந்தாள். பத்து ரூபாய் நோட்டைக் குண்டூசியால் குத்தி, கோணல் எழுத்தில், 'கிருபாவதி, வயித்துக் கட்டி, சுகத்துக்காக.' சுகம் வேண்டும் என்பதற்காகவா, கிடைத்தது என்பதற்காகவா, நான் யோசிக்கவே இல்லையே, நோட்டைப் பார்த்தேன், ஸ்தோத்திரக் கட்டோடு வைத்தேன். சுகம் கிடைத்ததற்காகச் சகோதரி ஸ்தோத்திரம் செலுத்துகிறார் என்று ஆயர் வாசித்தார், சபை அல்லேலூயா என்றது.

ஆராதனை முடிந்து குழாயடியில் என்னைப் பிடித்தாள். "ஏனுங்ணா, சுகம் வேணுமுன்னு நான் எழுதிப் போட்டேன், ஆயரு கெடச்சிருச்சுன்னு வாசிச்சுப்போட்டாரு பாருங்க. அவரு வாயில அப்படி வருதுன்னா அது ஆண்டவரு சொல்றதுதானுங்களே?" முகமெல்லாம் சிரிப்பு, மில்லில் நூல் சுற்றிச் சுற்றி வெளுத்த முகம், அதில் அப்படியொரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை, அதனால்தான் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லையா, இல்லை, ஆயர் திட்டுவாரே என்ற பயமா... "ஆமா அம்மணி" என்றேன். அந்த ஆமாவை யார் என்னிடம் கேட்டார்கள். அவள்தானே கேட்டாள். பெரியாஸ்பத்திரியில் ஆபரேசனுக்குக் கொடுத்த தேதியில் அவள் மில்லுக்குப் போனாள். "கத்தி வெக்காமயே டிஸ்சார்ஜ் ஆயிட்டேனுங்க" என்று பெண்களிடம் கேலி பேசினாள். புரட்டாசியில் வயிறு வீங்கியது, அப்போதும் நோவு என்று சொல்லமாட்டேன் என்றாளாம், சொன்னால் அவிசுவாசமாம்.

கூட்டம் கலைகிறது. தம்பிதுரை என்னிடம்தான் வருகிறார், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. "ஏனுங்ணா, கல்லுப் பூமியில தனியாளா வெட்டுனீங்களாமா, ரொம்பப் பாடுபட்டுட்டீங்க" என்கிறார், எனக்கு நன்றி சொல்கிறார், எனக்கு. "அதொண்ணுமில்லீங்க" என்கிறேன். போய்விடுவார் என்று பார்த்தால் நிற்கிறார். "ஒண்ணு கேக்கோணுங்க. நான் உங்க சாமி கும்புடறவன் இல்ல, தப்பா எடுத்துக்காதீங்க. சுகமாக்கிப்போட்டேன்னு கோயில்ல வெச்சுச் சொல்லிப்போட்டு, உங்க ஆண்டவரு ஏனுங்க பேச்சு மாத்திப்போட்டாரு? அவ என்ன தப்புப் பண்ணிப்போட்டா?" சண்டைக்குக் கேட்கவில்லை, விலாசம் கேட்பதுபோலக் கேட்கிறார். ஆயர் ரெண்டு எட்டில் நிற்கிறார், ஸ்டோர்கீப்பரிடம் கல்யாணத் தேதி பேசிக்கொண்டு. என் வாயில் வருவது "ஆண்டவர் வழி நமக்குத் தெரியாதுங்க" என்பதுதான், எவ்வளவு சுலபமாக வருகிறது, நான் செய்ததைத் தூக்கி ஆண்டவர் தலையில் போட. தம்பிதுரை தலையாட்டுகிறார், நம்பவில்லை, செருப்பைப் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போகிறார். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். தம்பிதுரைக்கு நான் ஒரு பதில் பாக்கி, அந்தச் சீட்டை மாற்றி வைத்தது நான், அவள் கேட்டபோது ஆமா என்றதும் நான்.