நகராமல் நிற்பது

கடலூரிலிருந்து இரவு எட்டு மணிக்குக் கிளம்பும் சிதம்பரம் வண்டி ஆலப்பாக்கத்தைத் தாண்டும்போது சவரிராயனின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஓட்டும்போது அவன் போனை எடுப்பதில்லை. கண்டக்டர் கொளஞ்சியப்பன் எக்கி எடுத்துப் பார்த்தான்.

"மச்சான், ஜான்சிதான்."

ஓரங்கட்டுவதற்குள் அழைப்பு நின்றுவிட்டது. புதுச்சத்திரத்தில் ஆட்கள் இறங்கும்போது செய்தி வந்தது. 'சைரன் அடிக்குது மாமா. அப்புறம் பேசறேன்.' பின்னால் யாரோ விசில் கொடுக்கச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். அவன் கியரைப் போட்டான்.

ஜான்சி அவன் மனைவி. கடலூரில் நர்ஸ் வேலை பார்த்தவள், இரண்டு வருஷமாக இஸ்ரேலில் ஹைஃபாவில் இருக்கிறாள். எண்பத்தாறு வயதான ரூத் என்கிற அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. போன வெள்ளிக்கிழமை போர் மூண்டது. அந்தப் பழைய கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. பதுங்கும் அறை மூன்று மாடிக்குக் கீழே. சைரன் அடித்தால் ரூத்தைச் சக்கர நாற்காலியிலிருந்து தூக்கி, மாடிப்படி வளைவில் சுவரோடு சாய்த்து உட்கார வைத்து, தானும் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொள்வாள். இதையெல்லாம் அவள் ஒரேயடியாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு துண்டாகச் சொன்னாள்.

நான்காம் நாள் சவரிராயன் அவளிடம் கேட்காமலே ஊருக்குத் திரும்புகிறவர்கள் பட்டியலில் அவள் பெயரைப் பதிந்துவிட்டான். மறுநாளே அவளுக்குத் தூதரகத்திலிருந்து அழைப்பு வந்தது. காலை ஆறு மணிக்குப் பஸ், எல்லை தாண்டி, அங்கிருந்து விமானம்.

"நான் போவல மாமா," என்றாள் ஜான்சி. "இவங்க பசங்க ரெண்டு பேரும் வெளிநாட்டுல. வேற ஆளு வர மாட்டேங்குறாங்க. நான் கதவச் சாத்திட்டு வந்தா இவங்களால தண்ணிகூட எடுத்துக் குடிக்க முடியாது."

"அப்ப நானும் அனிதாவும் யாரு?"

அவள் பதில் சொல்வதற்குள் அவனே கட் செய்துவிட்டான். ஒன்பது வயது மகள் அனிதா பக்கத்தில் கணக்கு நோட்டைத் திறந்து வைத்து, எழுதாமல் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு இரண்டு நாள் அழைப்பே இல்லை. கோபமா, லைன் இல்லையா, அதற்கும் மேலே ஏதாவதா என்று தெரியாமல் அவன் வண்டி ஓட்டினான். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய டீ கையிலேயே ஆறியது. அவள் சேலைகள் இருந்த பீரோவைத் திறந்து, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடினான்.

மூன்றாம் நாள் சாயங்காலம், வண்டி எடுக்க அரைமணி நேரம் இருக்கும்போது அழைத்தாள். குரல் கம்மியிருந்தது.

"கோவமா மாமா?"

"இல்ல. சாப்ட்டியா?"

"ம். இந்த அம்மா வானத்தப் பாக்கணும்னு அடம் புடிக்கிறாங்க. எனக்கு ஜன்னல் பக்கம் போறதுக்கே பயமா இருக்கு. எது நட்சத்திரம், எது ராக்கெட்டுன்னு ஒண்ணும் தெரியல. வெளிச்சமா எதப் பாத்தாலும் உள்ள ஓடியாந்துடறேன்."

சவரிராயனுக்குப் பேசத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னான். "தெனம் நான் சிதம்பரம் போறப்ப எடது பக்கமா ஒண்ணு நிக்கும். செவப்பா. கேட்டைனு சொல்லுவாங்க. இருவது வருஷமா பாக்குறேன், இந்த மாசத்துல அங்கதான் இருக்கும். ராக்கெட்டுன்னா ஓடும் ஜான்சி. நகராம நிக்குதா, அது நட்சத்திரம். பயப்படாத."

"இங்க தெரியுமா?"

"நான் பாத்து மூணு மணி நேரத்துல ஒனக்கு வந்துடும். தெக்கால பாரு, கொஞ்சம் தாழ்வா."

அன்று ஆலப்பாக்கம் தாண்டி, ஊர் வெளிச்சம் விட்ட இடத்தில் இடதுபக்கம் பார்த்தான். மேகம். புதுச்சத்திரம் வரைக்கும் மேகம். முட்லூர் கிட்டே ஒரு கிழிசல் விட்டு அது தெரிந்தது. இருபது வருஷத்தில் ஒருநாளும் அதை இவ்வளவு தேடியதில்லை. "இனிமே அவளுது," என்று வாய்க்குள் சொன்னான். கொளஞ்சியப்பன் திரும்பிப் பார்த்தான்.

கடைசி நடை முடித்து வண்டியைக் கடலூரில் விட்டபோது மணி பதினொன்றரை. வீடியோ அழைப்பு வந்தது. திரை முழுக்கக் கறுப்பு.

"பால்கனிக்கு வந்துட்டோம் மாமா," கிசுகிசுத்தாள். "இன்னிக்கி இதுவரைக்கும் சைரன் இல்ல. தெரியுதா ஒங்களுக்கு?"

அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. போனைக் கண்ணருகே கொண்டுபோனான். கறுப்பில் நெளியும் பொடிப் புள்ளிகள் மட்டும்தான்.

"தெரியுது," என்றான்.

"பொய் சொல்றீங்க."

அவள் சிரித்தாள். போர் தொடங்கியதிலிருந்து கேட்காத சிரிப்பு. எப்போ வருவே என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டான். அப்போது திரையின் ஓரத்தில், உள்ளறை வெளிச்சம் லேசாகப் பட்டு, நரம்பு புடைத்த, மெலிந்த, வயதான ஒரு கை மெல்ல எழுந்து வந்தது. விரலை நீட்டி, அவன் பார்க்க முடியாத எதையோ சுட்டிக் காட்டியது. புரியாத பாஷையில் அந்த அம்மா ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாங்க?"

"நகராம நிக்குதாம் மாமா," என்றாள் ஜான்சி. கை இறங்காமல் அப்படியே இருந்தது.