கொழுத்த நண்டு

எழுபத்தொன்பதில் வவுனியா பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த வீரையாவின் சாப்பாட்டுக் கடைக்கு நான் ஞாயிறுதோறும் போனது நண்டுக்காகத்தான். வீரையா பினாங்கில் ஒரு சீனரின் குசினியில் சமையல் பழகியவர். மிளகாயும் தக்காளியும் அரைத்து, முட்டை உடைத்து ஊற்றி அவர் சமைக்கும் நண்டுக்கு ஈடு கிடையாது. ஆனால் சில மாதங்களாக வந்ததெல்லாம் வெறும் ஓடு. நானும் வாய் ஓயாமல் ஏசிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு மத்தியானம் ஓட்டை உடைத்ததும் சதை திரண்டு வந்தது. இரண்டை முடித்துவிட்டு மூன்றாவதைக் கேட்டேன்.

எதிர்க் கதிரையில், முல்லைத்தீவிலிருந்து கடைக்கு நண்டு கொண்டுவரும் சவிரிமுத்து, வெறும் சோற்றையும் பருப்பையும் பிசைந்துகொண்டிருந்தான். வழக்கமாக எனக்குப் போட்டியாகத் தின்பவன்.

"ஏன்ரா, நீ கொண்டுவந்த நண்டு உனக்கே பிடிக்கேல்லையோ?"

"நாங்கள் இப்ப தொடமாட்டம், அண்ணை."

"ஏன், விரதமோ?"

அவன் தலை நிமிரவில்லை. "கடலுக்குப் போன ரெண்டு பேர் திரும்பி வரேல்லை. வள்ளம் மட்டும் கரையொதுங்கிச்சு. ஒன்பது நாளாச்சு. உடம்பு கிடைக்கும் மட்டும் எங்கட கரையில ஒருத்தரும் நண்டு தின்னமாட்டினம்."

என் விரல்கள் தட்டின் மேல் அப்படியே நின்றன. குழம்பு நகக்கண்களில் ஏறிச் சிவந்திருந்தது.

வீரையா மூன்றாவது நண்டைக் கொண்டுவந்து வைத்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"இண்டைக்கு உங்கட வாயை அடைச்சுப்போட்டன், பாத்தீங்களோ! என்ன கொழுப்பு!"