ராத்திரி என்ன சாப்பிட்டார்?

லோகாம்பாள் அத்தை ஆட்டோவை விட்டு இறங்குவதற்குள் அந்தத் தட்டை மறைத்தாக வேண்டும். மதிவாணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் திருதிருவென்று விழித்தான். மூடிக்கு அடியில் மூன்று சப்பாத்திகள் ஓரம் விறைத்துக் கிடந்தன. குருமா ஆடை கட்டியிருந்தது. நேற்று ராத்திரி அப்பாவுக்கென்று அம்மா எடுத்து வைத்தது. அப்பா தொடவேயில்லை. விடிகாலையில் அம்மா காபியோடு போய் எழுப்பியபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

வாசலில் அத்தையின் அழுகுரல் கேட்டது. மதிவாணன் கொல்லைக்கு ஓடி, மாட்டுத் தொட்டியில் தட்டைக் கவிழ்த்தான். சனியன் பிடித்த சப்பாத்திகள் தவிட்டுத் தண்ணீரில் மிதந்தன. முழங்கை வரை உள்ளே விட்டு அமுக்கினான். தஞ்சாவூரில் இருபது பேரை அதட்டி வேலை வாங்குகிற மனிதன், திருட்டுப் பூனை மாதிரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

கூடத்தில் அத்தை தம்பியின் கால்மாட்டில் விழுந்து அழுது தீர்த்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ராத்திரி என்ன சாப்பிட்டான் பிரகதா?"

சாவு வீட்டுக்கு வருகிற எல்லோரும் கேட்கிற கேள்விதான். எப்படிப் போனார் என்பதெல்லாம் அப்புறம். வயிறு நிறைந்து போனாரா என்று தெரிந்தால்தான் வந்தவர்களுக்குக் கொஞ்சமாவது மனம் ஆறும். மதிவாணன் தூணோரம் நின்று அம்மாவின் வாயையே பார்த்தான்.

"நல்லாத்தான் சாப்பிட்டாங்க அண்ணி. மூணு சப்பாத்தி. நம்ம மதிதான் சுடச்சுடப் போட்டுக் குடுத்தான்."

அம்மாவின் குரலில் ஒரு பிசிறு இல்லை. அவன் பக்கம் திரும்பவும் இல்லை.

நேற்றுச் சாயங்காலம் அந்த வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. அவன் மனைவி மேகலாவின் தம்பி பகலவன், புதுப் பெண்டாட்டியோடு சென்னையிலிருந்து விருந்துக்கு வந்திருந்தான். அப்பாவுக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து ராத்திரியில் சப்பாத்திதான். நேற்று எல்லோருக்குமே அதுதான் என்று முடிவாகி, அடுப்படித் தரையில் வட்டமாக உட்கார்ந்துவிட்டார்கள். மேகலா மாவு பிசைந்தாள். அம்மா உருண்டை பிடித்தாள். புதுப்பெண் தேய்த்தாள். மதிவாணன் கல்லில் போட்டுச் சுட்டான். ஒரே சிரிப்பு.

குறுவை நட்ட வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு அப்பா வந்தார். குழாயடியில் கைகால் கழுவிக்கொண்டு அவரும் வட்டத்தில் உட்கார்ந்தார்.

"நெல்லு வெளைய வைக்கிறவனுக்கு கோதுமதான்னு டாக்டரு தீர்ப்பு சொல்லிட்டாரு. அந்தக் கழுதயையும் தேச்சுத்தான் பாப்பமே" என்று ஓர் உருண்டையை எடுத்தார். புதுப்பெண் சிரித்துக்கொண்டே பூரிக்கட்டையை அவரிடம் நீட்டினாள். நீட்டும்போது அவள் கண் அவர் விரல்களுக்குப் போனது. போனதாக மதிவாணனுக்குத் தோன்றியது.

"அப்பா, நகத்தப் பாருங்க, எவ்ளோ சேறு! நீங்க தொட்டத யாரு திங்கிறது?"

வேடிக்கையாகத்தான் சொன்னான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அப்பா அந்த உருண்டையை மற்ற உருண்டைகளோடு சேர்க்காமல், பலகையின் ஓரத்தில் தனியாக வைத்தார். எழுந்து போய்க் குழாயடியில் ரொம்ப நேரம் கை கழுவினார். "எனக்குப் பசிக்கல, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். கோபம் ஆறினால் வருவார் என்று மதிவாணன் நினைத்தான். நினைத்துக்கொண்டு வயிறு முட்டச் சாப்பிட்டான். ஒரு தடவை எழுந்து போய்க் கூப்பிட அவனுக்குக் கால் வரவில்லை.

பத்து மணிக்குள் ஊரே வந்துவிட்டது. ஒவ்வொருவரும் கேட்டார்கள். அம்மா ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள். அடுத்த வயல்காரர் நாகநாதன் கேட்டுவிட்டு நேராக வந்து மதிவாணனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"குடுத்து வச்ச மனுசன் தம்பி உங்கப்பா. மவன் கையால சாப்பிட்டுட்டுப் போயிருக்காரு. எத்தன பேருக்குக் கெடைக்கும்?"

மாலையோடு உள்ளே வந்த பகலவன் காதில் அது விழுந்தது. அத்தானை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு குனிந்து, ஒழுங்காக இருந்த மாலையையே திரும்பத் திரும்பச் சரிசெய்தான். அதற்கு நாகநாதன் செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது மதிவாணனுக்கு. இல்லைங்க, அப்பா சாப்பிடல என்று சொல்ல வாயைத் திறந்தான். சொன்னால் அம்மா பொய்க்காரி ஆகிவிடுவாள் என்று தனக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு மூடினான். உண்மையில் பயம்தான். ஊர் காறித் துப்பும் என்கிற பயம்.

சாயங்காலம் சுடுகாட்டில் சிதையை வைக்கோலும் வரட்டியும் அடுக்கி மூடியானதும், மேலே பூசச் சேறு குழைத்து வைத்திருந்தவர் அவனைக் கூப்பிட்டார். "மொத கை நீங்க பூசுங்க தம்பி." மதிவாணன் அள்ளிப் பூசினான். வாய்க்கால் சேறு, கையில் ஜில்லென்று இருந்தது. அப்பாவின் வேட்டியில் எப்போதும் அடிக்கிற வாசனை.

எல்லோரும் ஆற்றில் முழுகிவிட்டு வந்த பிறகு, அத்தை மறுநாள் வேலையைச் சொன்னாள். "காலையில சுடுகாட்டுல பால் தெளி. அவனுக்குப் புடிச்சதெல்லாம் கொண்டு போயி வைக்கணும். முறுக்கு, வாழப்பழம், வெத்தல பாக்கு. சப்பாத்தியும் சுட்டுருங்க. கடைசியா ஆசயா சாப்பிட்டதுல்ல?"

மேகலா சட்டென்று மாமியாரைப் பார்த்தாள்.

"சுட்டுருவோம் அண்ணி" என்றாள் அம்மா.

விடிந்ததும் அதே அடுப்படி, அதே பலகை. மேகலா பிசைந்து வைத்துவிட்டுப் பாலை எடுக்கப் போனாள். அம்மா உருண்டை பிடித்தாள். வளையல் இல்லாத கையைப் பார்க்க முடியாமல் மதிவாணன் அடுப்பைப் பார்த்தான்.

"ஏம்மா அப்டி சொன்ன?" என்று மெல்லக் கேட்டான். "என்னய காப்பாத்தவா?"

அம்மா உருண்டையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"உனக்காக ஒண்ணும் சொல்லல. ஊருக்கே நெல்லு வெளைய வச்ச மனுசன். பட்டினியா போனாங்கன்னு என் வாயால எப்படிடா சொல்லுவேன்?"

அவனுக்கு உடம்பு கூசியது. காப்பாற்றப்பட்டோம் என்று நேற்றெல்லாம் நினைத்திருந்ததற்கும் சேர்த்துக் கூசியது.

அம்மா பலகையை அவன் பக்கம் நகர்த்தினாள். "நீயே தேய்."

மதிவாணன் பூரிக்கட்டையை எடுத்தான். அப்போதுதான் தன் நகங்களைக் கவனித்தான். பத்து விரலிலும் கறுப்பாகக் கோடு கட்டியிருந்தது. ஆற்றில் முழுகியும் போகாத சேறு.

"கை கழுவிட்டு வந்துர்றேம்மா."

குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினான். தேங்காய் நாரால் தேய்த்தான். விரல் சிவந்ததே தவிர சேறு போகவில்லை. திரும்பி வந்து, அம்மா பார்க்கும்படியாகவே கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது. அவன் சொன்ன அதே வார்த்தையாக இருந்தாலும் சரி.

"போகல" என்றான்.

"நேரமாவுது. தேய்."

வாசலிலிருந்து அத்தையும் குரல் கொடுத்தாள். அவன் உருண்டையை அழுத்தித் தேய்த்தான். வட்டம் வரவில்லை, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. நடுவில், விரல் அழுந்திய இடத்தில், மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது. அதைக் கிள்ளி எறியலாமா என்று அவன் யோசிப்பதற்குள் அம்மா சப்பாத்தியை எடுத்துக் கல்லில் போட்டாள்.

அது உப்பி எழுந்தது. அம்மா திருப்பிப் போட்டாள்.